‘ரன்’ எங்கெல்லாம் ஓடும்? ஆங்கிலம் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். வாடிக்கையாளருக்கு ஒரு சிறிய கணினி நிரலும் அதை விளக்கும் மின்னஞ்சலும் அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டையும் எழுதி முடித்துவிட்டேன் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் தன் அறைக்குள் போகிற போக்கில், ‘ரன் இட் பை மீ’ என்றார்.

நான் அந்த வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்தேன். நிரலை ‘ரன்’ செய்வது என்றால் இயக்குவது. ‘பை மீ’ என்றால் என் பக்கத்தில். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று நிரலை இயக்கிக் காட்டினேன். இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, “நான் கேட்டது மின்னஞ்சலை” என்றார். அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டிவிடு, சரியா தவறா என்று சொல்கிறேன் என்பதுதான் அந்த நான்கு சொற்களுக்குப் பொருள்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல. மூன்றாம் வகுப்பிலேயே ‘ரன்’ என்றால் ஓடு என்று பலகையில் எழுதிப் படித்தாயிற்று. ஒரே ஒரு பொருளைத் தெரிந்துகொண்டு, சொல்லே தெரிந்துவிட்டதாக நினைத்ததுதான் வினை. நீளமான, கடினமான ஆங்கிலச் சொற்கள் நம்மை ஏமாற்றுவதில்லை. தெரியவில்லை என்றால் அகராதியைப் பார்க்கிறோம். மூன்றெழுத்துச் சொற்களுக்கு யாரும் அகராதியைத் திறப்பதில்லை.

ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதிக்காரர்கள் திறந்து பார்த்திருக்கிறார்கள். 1989-ல் இருபது தொகுதிகளாக வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு உரியது. பிறகு பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தபோது அந்த முதலிடம் முதலில் ‘மேக்’ என்ற சொல்லுக்கும், அடுத்து ‘புட்’டுக்கும் போனது. 2011-ல் ‘ரன்’ எல்லாவற்றையும் முந்தியது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். இதைப் பிரித்துப் பிரித்து அடுக்கிய பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் பிடித்தது.

645 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அதில் வழக்கொழிந்தவை இருக்கின்றன. மாலுமிகளும் வேறு பல தொழில்காரர்களும் மட்டும் பயன்படுத்துபவை இருக்கின்றன. அலுவலகம், செய்தித்தாள், மருத்துவமனை, கடைத்தெரு இவற்றில் காலம் தள்ள என் கணக்கில் முப்பது, நாற்பது பயன்பாடுகள் போதும். அதிலும் பாதியை நீங்கள் தமிழிலேயே தினமும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதல் படி: ‘ஓடு’ என்ற சொல்லை எடுத்து எழுதுங்கள்

ஆங்கில அகராதியை மூடி வையுங்கள். ஒரு தாளில், தமிழில் கால் இல்லாமல் ஓடுபவை எவை என்று எழுதுங்கள். பஸ் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. மின்விசிறி ஓடுகிறது. ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. தண்ணீர் ஓடுகிறது. காலம் ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. செலவு லட்சக்கணக்கில் ஓடுகிறது.

இந்த ஒன்பதில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ அப்படியே பொருந்தும். பஸ் ‘ரன்’ ஆகும், மீட்டர் ‘ரன்’ ஆகும், படம் ‘ரன்’ ஆகும், சுவரில் விரிசலும் ‘ரன்’ ஆகும். செலவு லட்சத்தில் ஓடினால் ‘ரன்ஸ் இன்டு லாக்ஸ்’. காலம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தனியாக ஓடாது, ‘அவுட்’ என்ற துணையோடுதான் ஓடும். அதைப் பிறகு பார்ப்போம்.

இப்படிப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தின் பழைய வடிவத்தில் இந்தச் சொல் ‘ரின்னன்’ என்று இருந்தது. மனிதர் ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் அது ஒன்றுதான். அதன் உறவுக்காரச் சொல்லான ‘ரின்னன்’ இன்றைய ஜெர்மன் மொழியிலும் உயிரோடு இருக்கிறது. அதற்கு நீர் வழிந்தோடுவது என்றுதான் பொருள். நம்மிடம் ஓடை இருக்கிறது, நீரோட்டம் இருக்கிறது. தடை இல்லாமல், ஒரு பாதையில், விடாமல் போய்க்கொண்டிருப்பது: இரண்டு மொழிகளிலும் சொல்லின் அடியில் கிடக்கும் படம் அதுதான். இயந்திரங்கள் வந்தபோது அவையும் அந்தப் படத்துக்குள் புகுந்துகொண்டன. கணினி வந்தபோது நிரலும் ஓடத் தொடங்கியது.

பெயர்ச்சொல்லிலும் இந்த ஒற்றுமை வியக்க வைக்கும் அளவுக்குப் போகிறது. புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன் சும்மா ஒருமுறை இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். ஆங்கிலத்தில் ‘டிரையல் ரன்’, ‘டிரை ரன்’. இலங்கைத் தமிழில் வயிற்றுப்போக்கை வயிற்றோட்டம் என்பார்கள். ஆங்கிலப் பேச்சு வழக்கில் அதற்குப் பெயர் ‘தி ரன்ஸ்’. இதை மருத்துவரிடம் சொல்லலாம். மேலதிகாரிக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் வேண்டாம்.

தற்காலத் தமிழ் அகராதி ஏதாவது வீட்டில் இருந்தால் ‘ஓடு’ பதிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் சொல்லும் லேசுப்பட்டதல்ல என்று தெரியும்போது, ஆங்கிலச் சொல்மேல் உள்ள பயம் பாதி போய்விடும்.

இரண்டாம் படி: ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா என்று பாருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. நேரம் குறைவு என்றால் இதை மட்டும் படித்தால்கூடப் போதும்.

தமிழில் தானாக ஓடுவதற்கு ஒரு வடிவம், பிறர் செய்வித்து ஓடுவதற்கு வேறு வடிவம். வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறார். ஒரு ‘ட்’ சேர்ந்தால் போதும், கேட்பவருக்குக் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. இரண்டுக்கும் ‘ரன்’தான். ஆகவே வாக்கியத்தில் ‘ரன்’ வந்ததும், உடனே அடுத்த சொல்லைப் பாருங்கள். எதை என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறதா? இருந்தால், நீங்கள் பார்ப்பது ‘ஓடு’ அல்ல, ‘ஓட்டு’.

இங்கேதான் இரண்டு மொழிகளும் பிரியத் தொடங்குகின்றன. ஆங்கிலேயர் ‘ஓட்டுகிற’ பலவற்றை நாம் வேறு விதமாகச் செய்கிறோம்.

கடை, பள்ளி, கம்பெனி, கட்சி எதுவானாலும் அவர்கள் ‘ரன்’ செய்வார்கள். நாம் நடத்துகிறோம். யோசித்துப் பாருங்கள், நடத்துவது என்றால் நடக்க வைப்பது. அவர்கள் கடையை ஓட வைக்கிறார்கள். நாம் நிதானமாக நடக்க வைக்கிறோம். (தட்டுத் தடுமாறிச் சமாளிக்கும்போது மட்டும் நாமும் “ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்” என்கிறோம். அந்தச் சலிப்பு ஆங்கிலத்தின் ‘ரன்’னில் இல்லை.)

இதற்கு ஓர் அருமையான விதிவிலக்கு நம்மிடம் இருக்கிறது: கப்பலோட்டிய தமிழன். வ.உ.சிதம்பரம் பிள்ளை மாலுமி அல்ல, வழக்கறிஞர். 1906-ல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்தை நடத்தினார். அவர் சுக்கானைப் பிடிக்கவில்லை. அந்தப் பட்டத்தில் உள்ள ‘ஓட்டிய’ என்ற சொல்லும், ஆங்கிலத்தில் ஒரு சேவையை ‘ரன்’ செய்தார் என்று சொல்வதும் இம்மி பிசகாமல் ஒன்று. ஒரு நிறுவனத்தை ‘ரன்’ செய்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் இந்த ஒரு பட்டத்தைத்தான் சொல்வேன்.

இதே இடத்தில் ஒரு குழியும் இருக்கிறது. கார் ஓட்டுவது ‘ரன் எ கார்’ அல்ல, அது ‘டிரைவ்’. ‘ரன் எ கார்’ என்று லண்டனில் ஒருவர் சொன்னால், சொந்தமாகக் கார் வைத்து, பெட்ரோல், காப்பீடு, பழுது எல்லாவற்றுக்கும் செலவு செய்து கட்டிக் காப்பது என்று பொருள். நாம் யானை கட்டித் தீனி போடுவது என்போமே, அந்த வகை. “என்னால் கார் ரன் செய்ய முடியாது” என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஓட்டத் தெரியாது என்று நினைத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ரன் எ பாத்’ என்றால் குளிக்கத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது. ‘ரன் எ ஸ்டோரி’ என்றால் பத்திரிகை ஒரு செய்தியைப் போடுவது. ‘ரன் எ ரெட் லைட்’ என்றால் சிவப்பு விளக்கை மீறிப் போவது. ‘ரன் அன் எரண்ட்’ என்றால் கடைக்கோ வங்கிக்கோ போய் ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டு வருவது. மருத்துவர் ‘ரன் சம் டெஸ்ட்ஸ்’ என்றால் சில பரிசோதனைகள் செய்து பார்க்கலாம் என்கிறார். ஆயுதத்தையோ மதுவையோ ‘ரன்’ செய்தால் கடத்தல்.

மூன்றாம் படி: ஓடாதவற்றைத் தனியாகப் பட்டியலிடுங்கள்

எது பொருந்துகிறதோ அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எங்கே தமிழ் வேறு வினையைப் பிடிக்கிறதோ, அதை மட்டும் எழுதி வையுங்கள். நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ்.

என் பழைய நோட்டில் உள்ளவை சில. ஆங்கிலத்தில் மூக்கு ஓடுகிறது, தமிழில் ஒழுகுகிறது. துணியின் சாயம் அங்கே ஓடுகிறது, இங்கே போகிறது. காய்ச்சலை அவர்கள் ‘ரன்’ செய்கிறார்கள். நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது. சர்க்கரை நோய் அவர்கள் குடும்பத்துக்குள் ஓடுகிறது. நமக்கு வழிவழியாக வருகிறது. கடற்கரையோரம் அவர்கள் சாலை ஓடுகிறது; நம் சாலை போகிறது.

மருத்துவமனைப் பணிக்காக வெளிநாடு போகிறவர்கள் மூக்கு, காய்ச்சல், நோய் மூன்றையும் முதல் நாளே படித்துவிடுவது நல்லது. ‘ஈஸ் ஹி ரன்னிங் எ டெம்பரேச்சர்?’ என்று கேட்டால், குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். உடலுக்கு எப்போதும் ஏதோ ஒரு வெப்பம் இருக்கத்தானே செய்யும், இதில் என்ன கேள்வி என்று தோன்றும். ‘ரன்’னோடு சேரும்போது ‘டெம்பரேச்சர்’ என்றாலே காய்ச்சல்தான்.

பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல். அமெரிக்காவில் ஒருவர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார், அதாவது ஓடுகிறார். இங்கிலாந்தில் அதே ஆள் ‘ஸ்டாண்ட்’, அதாவது நிற்கிறார். தமிழ்நாட்டிலும் வேட்பாளர் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார். ஜெயித்த பிறகு ஓடுவது வேறு விஷயம். அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். 2020-ல் ஜோ பைடன் கமலா ஹாரிஸை ‘ரன்னிங் மேட்’ என்று அறிவித்தார். கூட ஓடுகிற தோழி என்று பெயர்த்தால் யாருக்கும் புரியாது. துணை அதிபர் வேட்பாளர் என்பதே அதற்கு நம் சொல். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த தொடர் அது.

எதிர்த்திசையிலும் ஒரு பட்டியல் வேண்டும். தமிழில் ஓடி ஆங்கிலத்தில் ஓடாதவை. பதற்றத்தில் “கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை” என்கிறோம். இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூடும். எண்ண ஓட்டம் அவர்களுக்கு ரயில். ‘டிரெயின் ஆஃப் தாட்’ என்பார்கள். காற்றோட்டத்துக்கு ‘வென்டிலேஷன்’. இரத்த ஓட்டத்துக்கு ‘சர்குலேஷன்’, சுற்றிவருவது.

நான்காம் படி: வாலைப் பிடியுங்கள்

‘ரன்’னுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் பொருளே மாறிவிடும். அவுட், இன்டு, ஓவர், த்ரூ, அப், டவுன், பை. என்னை மேலாளர் அறையில் நிற்க வைத்தது இந்தக் கடைசி வால்தான்.

இது ஏதோ ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம் என்று திட்டுவதற்கு முன், தமிழ் கற்கிற வெளிநாட்டவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடிப் போ, ஓடிவிடு, ஓடிப்போய்விட்டாள், ஓடிக்கொண்டிரு, ஓட்டிப் பார்: இதில் ‘பார்’ என்றால் கண்ணால் பார்ப்பது இல்லை என்று அவருக்கு யார் சொல்வது? நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம். அவர்கள் திசை காட்டும் சொல்லை ஒட்டுகிறார்கள். வேலை ஒன்றுதான்.

‘ரன் அவுட்’ முதலில். கிரிக்கெட்டில் ஆட்டக்காரர் ‘ரன் அவுட்’ ஆவார். சமையலறையில் சர்க்கரை ‘ரன் அவுட்’ ஆகும், அதாவது தீர்ந்துபோகும். கவனிக்க வேண்டியது எது தீர்ந்தது, யாரிடம் தீர்ந்தது என்பது. தீர்ந்த பொருளை எழுவாயாக வைத்தால் ‘ரன் அவுட்’ போதும். ஆளை எழுவாயாக வைத்தால் ‘ஆஃப்’ சேர வேண்டும்: ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஷுகர்’. அந்த ‘ஆஃப்’பை விட்டுவிட்டு, சர்க்கரைக்கும் நமக்கும் ஏதோ சம்பந்தம் என்று கேட்பவரையே ஊகிக்க விடுகிறோம். காலமும் இப்படித்தான், ‘டைம்’ தீரும்போது ‘அவுட்’ வந்தாக வேண்டும்.

‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் முட்டுவது. மரத்தில் முட்டினால் விபத்து, பழைய நண்பரிடம் முட்டினால் சந்திப்பு, சிக்கலில் முட்டினால் தலைவலி. திட்டமிட்டுப் போய்ப் பார்த்த ஆளை ‘ரன் இன்டு’ என்று சொல்லக்கூடாது.

‘ரன் ஓவர்’ என்றால் மேலே ஏறிப் போவது: வண்டி ஆள்மேல் ஏறினாலும் அதுதான், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போனாலும் அதுதான். ‘ரன் த்ரூ’வுக்குத் தமிழில் கச்சிதமான சொல் இருக்கிறது: மேலோட்டமாகப் பார்ப்பது. நாடகக்காரர்கள் சொன்னால் ஒத்திகை.

‘ரன் அப்’ சுவாரசியமானது. வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடுவதற்கு முன் ஓடிவருவது ‘ரன்-அப்’. அதே படத்தைத் தேர்தலுக்கும் பண்டிகைக்கும் மாட்டினால், அதற்கு முந்தைய பரபரப்பான நாட்கள் ‘ரன்-அப்’. ஆனால் கடையில் பில்லை ‘ரன் அப்’ செய்தால், கடனை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள் என்று பொருள். ஓட்டத்தைவிட ஏற்றம்தான் அதில் கண்ணுக்குத் தெரிகிறது.

‘ரன் டவுன்’ எல்லாவற்றையும் கீழே இறக்கும். மின்கலம் தீரும், ஆள் சோர்ந்துபோவார், கட்டடம் பாழடையும், ஒருவரை மட்டம் தட்டுவதும் அதுவே. ஆனால் கூட்டத்தில் ‘கிவ் மீ எ ரன்டவுன்’ என்று கேட்டால் யாரும் உங்களை மட்டம் தட்டவில்லை. முக்கியமானவற்றை வரிசையாகச் சொல்லச் சொல்கிறார்கள்.

வாலாக வருவது சில நேரம் ஒரு பெயரடையாக இருக்கும். அப்போது ‘ரன்’ என்றால் ‘ஆகிவிடு’. கிணறு ‘ரன்ஸ் டிரை’, வற்றிவிடுகிறது. பணம் ‘ரன்ஸ் ஷார்ட்’, பற்றாமல் போகிறது. ரயில் ‘ரன்னிங் லேட்’, தாமதமாகிறது. ஆளும் ‘ரன்னிங் லேட்’ என்று செய்தி அனுப்புவார். அவர் ஓடிவருகிறார் என்று பொருளில்லை, இன்னும் குளிக்கப் போகாமல்கூட இருக்கலாம்.

ஐந்தாம் படி: பெயர்ச்சொல்லா என்று பாருங்கள்

முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ இருந்தால் அது பெயர்ச்சொல். இதில் நமக்கு மிகவும் பழகியது கிரிக்கெட். இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ஓட்டங்கள் என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ரன்கள். இரண்டு முனைகளுக்கும் இடையே இருபத்திரண்டு கஜம். ஆட்டக்காரர்கள் ஓடி இடம் மாறினால் ஒரு ரன். ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் ஓடாமலே நான்கு, ஆறு. ஓடாமல் கிடைப்பதற்கும் ஓட்டம் என்று பெயர் வைத்த பிறகு, ஒரு சொல் தன் பிறந்த வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போகும் என்று நாம் வியப்பதில் அர்த்தமில்லை.

பொருளாதாரச் செய்தியில் ‘ரன் ஆன் தி பேங்க்’ என்று வந்தால், வங்கி மூழ்கிவிடும் என்ற பயத்தில் போட்ட பணத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பி எடுக்கப் பாய்வது. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசல்களில் நீண்ட வரிசைகள் நின்றன. ஓட்டம் என்று பெயர், ஆனால் மக்கள் செய்தது நின்றதுதான். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே, இணையம் வழியாக. மறுநாள் வங்கி மூடப்பட்டது.

இந்தப் படியில் மொழிபெயர்ப்பாளர்களைக் கவிழ்க்கும் தொடர் ‘புல் ரன்’. பங்குச்சந்தைப் பக்கத்தில் வந்தால், விலைகள் தொடர்ந்து ஏறும் காலம். ஸ்பெயின் நாட்டின் பாம்ப்லோனா நகரைப் பற்றிய பயணக் கட்டுரையில் வந்தால், ஜூலை மாதத் திருவிழாவில் தெருவில் விடப்படும் காளைகளுக்கு முன்னால் ஆட்கள் ஓடுவது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நூலில் வந்தால், காளையும் இல்லை, ஓட்டமும் இல்லை. அது வெர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஓர் ஓடையின் பெயர். அங்கே சிற்றோடைகளை ‘ரன்’ என்பார்கள். 1861 ஜூலை 21-ல் அந்த ஓடையருகே நடந்த சண்டையை வடக்கே உள்ளவர்கள் ஓடையின் பெயரால் ‘புல் ரன்’ என்றும், தெற்கே உள்ளவர்கள் பக்கத்து ஊரின் பெயரால் மனாசஸ் என்றும் எழுதினார்கள். நம் ஊரில் யாராவது அதைக் காளை ஓட்டம் என்று பெயர்த்தால், படிப்பவர் அலங்காநல்லூருக்குப் போய்விடுவார்.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. கோழிகளை அடைத்து வைக்கும் வேலியிட்ட இடம் ‘சிக்கன் ரன்’. பெண்கள் அணியும் காலுறையில் நூல் பிரிந்து நீளமாகக் கோடு விழுந்தால் அமெரிக்காவில் ‘ரன்’. அதையே இங்கிலாந்தில் ‘லேடர்’, ஏணி என்கிறார்கள். ‘இன் தி லாங் ரன்’ என்றால் நாளடைவில்.

ஆறாம் படி: சரியான அகராதியை, சரியான முறையில்

பேரகராதி உங்களுக்கு வேண்டாம். அது சொல்லின் வரலாற்றைக் காட்ட எழுதப்பட்டது; பழைய பொருளிலிருந்துதான் தொடங்கும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய அகராதிகளை ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. அவை அதிகம் புழங்கும் பொருளை முன்னால் வைக்கும்; வினைக்குச் செயப்படுபொருள் வேண்டுமா வேண்டாமா என்று குறி போட்டிருக்கும். அந்தக் குறிதான் நாம் இரண்டாம் படியில் பார்த்த ஓடு, ஓட்டு வேறுபாடு.

பதிவை மேலிருந்து கீழே படிக்காதீர்கள். தூக்கம் வரும். கையில் உள்ள வாக்கியத்தில் ‘ரன்’னுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் சொல் எதுவோ, மூக்கோ வங்கியோ ‘அவுட்’டோ, அதை அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் தேடுங்கள். சிக்கியதும், அந்த ஒரு பொருளை மட்டும் நோட்டில் எழுதிவிட்டு மூடிவிடுங்கள்.

எழுதும்போது பொருளை எழுதாதீர்கள், தொடரை எழுதுங்கள். ‘ரன்: நடத்து’ என்று எழுதினால் ஒரு மாதத்தில் மறந்துவிடும், நினைவிருந்தாலும் ‘திருமணத்தை ரன் செய்தேன்’ என்று எங்காவது போய் நிற்பீர்கள். ‘அவர் அண்ணாச்சி கடையை ரன் செய்கிறார்: நடத்துகிறார்’ என்று முழுதாக எழுதினால், எதைச் செய்யலாம் என்பதும் கூடவே பதியும்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். தினமும் ஓர் ஆங்கில நாளிதழை எடுத்து, விளையாட்டு, வணிகம், உள்ளூர்ச் செய்தி என்று மூன்று பக்கங்களில் மட்டும் ‘ரன்’ எங்கே வந்தாலும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் சத்தமாகத் தமிழில் சொல்லுங்கள். ஓடு, ஓட்டு இரண்டில் ஒன்று பொருந்தினால் தாண்டிப் போங்கள். பொருந்தாவிட்டால் நோட்டில் ஏற்றுங்கள். விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கோடு அதிகமாக விழும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நோட்டில் ‘ரன்’னுக்கு நான்கு பக்கம் ஒதுக்கினால் தாராளம். அதற்கு அடுத்துள்ள நான்கு பக்கங்களைக் காலியாக விட்டு, மேலே ‘செட்’ என்று மட்டும் எழுதி வையுங்கள்.